வெள்ளைக்கார வாத்தியாரிடம் வயலின் படித்த தமிழ்நாட்டுக் கலைஞர்... யார் இந்த பாலுசுவாமி தீட்சிதர்?

நெய்வேலி டவுன்ஷிப்போ, மந்தாரக்குப்பமோ... எந்த ஊர் கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி நடந்தாலும் மேடையை கவனிச்சுப் பாருங்க. நடுவில் பாடகர். ஒரு பக்கம் மிருதங்கம், இன்னொரு பக்கம் வயலின். பாடகர் ராகத்தை இழுத்தால் வயலினும் கூடவே இழுக்கும். பார்த்தால் நம்ம ஊர் வாத்தியம் மாதிரியே இருக்கும். ஆனால் அது ஐரோப்பாவில் இருந்து வந்தது. அதை நம்ம பாட்டுக்குப் பழக்கிய முன்னோடிதான் பாலுசுவாமி தீட்சிதர்.

யார் இவர்?

1786-ல் பிறந்தவர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் கடைசித் தம்பி. அப்பா ராமசாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். பாட்டு, வீணை எல்லாம் வீட்டிலேயே கிடைத்தது.

திருவாரூரில் இருந்த குடும்பம், சென்னைக்குப் பக்கத்தில் உள்ள மணலிக்கு குடிபெயர்ந்தது. அங்கே ஆதரவு கொடுத்தவர் முத்துகிருஷ்ண முதலியார். அவருக்குப் பிறகு மகன் சின்னையா முதலியார். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புள்ள குடும்பம் என்பதால், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது.

அங்கேதான் திருப்பம்

அண்ணன் முத்துசுவாமியின் காதில் அந்த மெட்டுகள் ஒட்டிக்கொண்டன. அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுகூட அதில் உண்டு.

தம்பியின் கண்ணோ வயலின் மேல் விழுந்தது. அதைக் கவனித்த முதலியார், ஒரு ஐரோப்பிய ஆசிரியரை ஏற்பாடு செய்தார். பாலுசுவாமி 3 வருஷம் அவரிடம் படித்தார். வேற்று நாட்டு ஆசிரியர், வேற்று மொழி, வேற்று இசை. வித்வான் வீட்டுப் பிள்ளை மறுபடி அரிச்சுவடியில் இருந்து ஆரம்பித்தார்.

அப்படி என்ன சாதித்தார்?

படித்ததை அப்படியே வாசித்திருந்தால், அவர் இன்னொரு பேண்டு வாத்தியக்காரராக இருந்திருப்பார். அவர் அதைச் செய்யவில்லை. வில் பிடிக்கும் வித்தையை வாத்தியாரிடம் வாங்கிக்கொண்டார். வாசித்தது வீட்டில் கற்ற ராகங்களை!

இது ஏன் சாத்தியமானது? வீணையில் மெட்டுகள் இருக்கும். வயலினில் கிடையாது. விரலை வழுக்கி நகர்த்தினால் ஒரு ஸ்வரத்தில் இருந்து இன்னொன்றுக்கு, குரல் போலவே போகலாம். கமகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? வில் ஓடும் வரை நாதமும் அறுபடாது.

காலப்போக்கில் வாத்தியத்தைப் பிடிக்கும் விதமே மாறிவிட்டது. தோளும் தாடையும் தாங்கி வாசிக்கும் வயலின், இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கப்படுகிறது. தந்திகளும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கப்படுகின்றன.

ஸ்பெயினிலும் இதே கதை

ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையிலும் பாட்டுதான் முதலில். கிட்டார் பாடகரின் மூச்சைப் பார்த்து பின்தொடர வேண்டும். அங்கே ரமோன் மொந்தோயா என்பவர், கிளாசிக்கல் கிட்டாரின் விரல் வித்தைகளை ஃபிளமெங்கோவுக்குள் கொண்டுவந்து பெயர் பெற்றார். அவர் பிறந்தது 1879-ல். பாலுசுவாமி அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

எட்டயபுரம் வாழ்க்கை

இன்னொரு அண்ணன் சின்னசுவாமி மறைந்த பிறகு, பாலுசுவாமிக்கு எட்டயபுரம் சமஸ்தானம் அடைக்கலம் தந்தது. 1824-ல் அங்கே ஆஸ்தான வித்வான் ஆனார். அண்ணன் முத்துசுவாமியும் கடைசியில் அங்கேயே வந்து, 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார்.

இதே காலத்தில் வயலினை வளர்த்த இன்னொருவரும் உண்டு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு. அவர் முத்துசுவாமி தீட்சிதரின் சீடர். 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்கு தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார்.

பாலுசுவாமி 1858-ல் மறைந்தார். அவர் வளர்த்த மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர், 1904-ல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெரிய நூலை வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள் ஸ்வரக் குறிப்போடு நமக்குக் கிடைத்ததற்கு முக்கியக் காரணம் அந்த நூல்தான்.

அண்ணன் பெயர் எல்லோருக்கும் தெரியும். தம்பி பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் இன்னைக்கும் வயலின் கிளாஸுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும், 200 வருஷத்துக்கு முன் மணலியில் அவர் தொடங்கிய பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது.