சாம்பலில் உழவரைக் கண்டவர்

பல்லாவரம் என்றதும் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் பெயர் நம்மில் பலருக்கு நினைவு வரும். 1863 மே 30ஆம் நாள் அவர் அங்கே கண்டெடுத்த கற்கருவி, இந்தியப் பழைய கற்கால ஆய்வுக்கு வாயில் திறந்தது. பாடநூல்கள் அத்துடன் அவரை விட்டுவிடும். தென்னாட்டின் தொல்லுழவரைத் தேடிச் சென்ற முன்னோடியும் அவரே என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஃபூட் 1834இல் இங்கிலாந்தில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார். பாறைகளை ஆய்ந்து நிலப்படம் வரைவதே அவருக்கு இட்ட பணி. பழங்கருவிகளைத் தேடியது அவரது ஆர்வம்.

அவ்வார்வம் அவரைப் பெல்லாரிச் சீமைக்கு இழுத்தது. அங்குள்ள குப்கல் குன்றில் அரைகுறையாகச் செதுக்கிய கோடரிகளும், உடைத்தெறிந்த சில்லுகளும் குவிந்து கிடந்தன. அது புதிய கற்கால மக்களின் கோடரிப் பட்டறை என்று அவர் கண்டுகொண்டார்.

அவ்வட்டாரத்தில் வேறொரு புதிரும் இருந்தது. ஆங்காங்கே பெருஞ்சாம்பல் மேடுகள் நின்றன. அம்பிக்கு அருகே நிம்பாபுரத்து மேட்டை, வாலியை எரித்த சாம்பல் என்று ஊரார் சொல்வர். விசயநகரக் காலத்துச் சிதைகளோ என்று ஐயுற்ற அறிஞரும் உண்டு. ஃபூட் கதைகளை ஒதுக்கிவிட்டு மேட்டையே உற்றுப் பார்த்தார். சாம்பலோடு கற்கோடரிகளும் பானை ஓடுகளும் கிடந்தன. எனவே இவை புதிய கற்கால மக்களின் மாட்டுப்பட்டிகள், எரிந்தது மாட்டுச் சாணம் என்று முடிவு கட்டினார்.

வேதியியல் பயிலும் எனக்கு இந்த இடம் மிகவும் இனிக்கிறது. அம்மேடுகளில் கண்ணாடிபோல் உருகி இறுகிய கட்டிகள் உண்டு. சாணத்தில் அப்படி உருகுவதற்கு என்ன இருக்கிறது? மாடு தின்னும் புல்லில் சிலிக்கா உண்டு. அது செரிக்காமல் சாணத்தில் தங்கும். கடும் வெப்பத்தில், சாம்பலிலுள்ள காரப்பொருள்கள் அதனை எளிதில் உருகச் செய்யும். 1950களின் இறுதியில் சாய்னர் என்ற அறிஞர் இக்கட்டிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, ஃபூட்டின் முடிவு சரியே என நிறுவினார். 1957இல் ஆல்சின் இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்னூரில் அகழ்ந்தபோது, வேலிக்கம்பங்கள் நட்ட குழிகளும் மாட்டுக் குளம்படிகளுமே வெளிப்பட்டன!

அம்மக்கள் வெறும் ஆயர்களும் அல்லர். குப்கலை அடுத்த சங்கனகல்லுவில் பிற்கால ஆய்வாளர்கள் மண்ணை நீரில் கரைத்து, கருகிய கொள்ளு, பாசிப்பயறு, சிறுதானிய மணிகளைப் பிரித்தெடுத்தனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கொள்ளு இன்றும் நம் வீட்டு ரசத்தில் கொதிக்கிறது.

ஃபூட் 1891இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காகவும் உழைத்தார். ஏற்காட்டில் குடியிருந்தார். ஆயுள் முழுதும் சேர்த்த கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அச்சேகரத்துக்கு அவர் எழுதிய விரிவான பட்டியல் நூல்கள், மறைவுக்குப்பின் 1914இலும் 1916இலும் வெளிவந்தன. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்ததால்தான், பின்வந்தோர் அதே குன்றுகளைத் தேடிச் செல்ல முடிந்தது.

நண்பர்களே, நம் விடுதிகளில் யார் மூத்த குடி என்னும் வழக்கு ஓய்வதில்லை. அவ்வழக்கில் நான் ஃபூட்டின் கட்சி. புராணமும் பெருமிதமும் தீர்க்காத புதிரைச் சாணச் சாம்பல் தீர்த்து வைத்ததன்றோ! ஆனால் அம்மேடுகள் பலவற்றை எருவுக்காக வெட்டிச் சென்றுவிட்டனர். குப்கல் குன்றையும் கல்லுடைப்போர் குடைந்திருக்கின்றனர். சான்று போனபின் நம்மிடம் எஞ்சுவது வெறும் வாய்ப்பேச்சுதான். விடுமுறையில் ஊர் செல்லும்போது, உங்கள் ஊர் மேட்டையும் ஒருமுறை நின்று பாருங்கள்.