அகஸ்தீசுவரம் ஜே. சி. தானியேல்

மூலம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில் நாஞ்சில் நாட்டார் கண்ட மாறுதல்களுள் தலையாயது பேச்சிப்பாறை அணை. கோதையாற்றை மறித்து எழுப்பப்பெற்ற அவ்வணை 1906-ஆம் ஆண்டு நிறைவெய்திற்று. அதன் நீர் தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுக்காக்களின் வயல்கள்வரை சென்று பாய்ந்தது. அணையைக் கட்டிய மிஞ்சின் துரையின் கல்லறை இன்றும் அணையருகே உள்ளது. அம்மலைச் சரிவுகளில் ரப்பர்த் தோட்டங்கள் தோன்றின. துரை ஒருவர் பங்களாவிலும், கூலியாட்கள் லயங்களிலும், இருவருக்கும் நடுவே கங்காணியும் கணக்கப்பிள்ளையுமாக அமைந்த படிவரிசையை நம் மக்கள் நேரிற் கண்டறிந்தனர். அவ்வாட்சிக் காலத்தில், அவ்வணை நீர் பாயும் அகஸ்தீசுவரத்தில் பிறந்தவரே ஜோசப் செல்லையா தானியேல். மலையாளத் திரைப்படத்தின் தந்தை என்று கேரள நாட்டார் இன்று போற்றும் பெருமகனார் அவரே. நம் மாவட்டத்தாரிற் பலர் இதனை அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

அவர் பிறந்த நாடார் குலத்தின் முந்தைய வரலாற்றை ஈண்டுச் சிறிது நினைவு கூர்தல் வேண்டும். அக்குலத்து மகளிர் மேலாடை அணிதல் குற்றமெனக் கருதப்பட்டுக் கலகங்கள் பல மூண்டு, 1859-ஆம் ஆண்டு உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரத்தின் பின்னரே அத்தடை நீங்கிற்று. ஒருத்தியின் குலம் இன்னதென்பதை அவள் உடுக்கும் துணியே உலகுக்குச் சொல்லவேண்டும் என்பது அந்நாளைய சட்டம். சட்டம் போயிற்று, அதனைப் பிறப்பித்த மனம் அத்துணை விரைவிற் போய்விடவில்லை. தானியேல் வாழ்வில் நேர்ந்த பேரிடருக்கு வித்து இதுவே.

செல்வக் குடியிற் பிறந்த தானியேல் இளமையிலேயே களரிப் பயிற்சியில் ஈடுபாடு கொண்டார். வாட்போர்க் கலையைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். அக்கலையை உலகறியச் செய்வதற்குச் சலனப்படமே தக்க கருவி என்ற எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது. சென்னை சென்றார், அங்கு அவர் நாடியது கைகூடவில்லை. பின்னர் பம்பாய் சென்று, தம்மை ஒரு பள்ளியாசிரியர் என்றும் மாணாக்கர்க்குக் கற்பித்தற்பொருட்டே படப்பிடிப்பைக் காண வந்ததாகவும் கூறி நிலையங்களுட் புகுந்தார் என்பர். வித்தையின்பொருட்டுச் சொன்ன இச்சிறு பொய்யைப் பெரியோர் மன்னித்தருள்க! வேண்டிய கருவிகளை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், தமக்குரிய நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் பட்டத்திற்கு அணித்தாகத் திருவிதாங்கூர் தேசியப் படநிலையத்தை நிறுவினார்.

அங்கு உருவானதே விகதகுமாரன் என்னும் பேசாப்படம். கதை எழுதியவர், இயக்கியவர், படம் பிடித்தவர், பொருளிட்டவர், முதன்மை வேடந் தாங்கியவர் எல்லாம் தானியேல் ஒருவரே. அவர்தம் இளம் புதல்வரும் அதில் நடித்தார். அக்காலத்து இந்தியப் படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகளையே பற்றி நின்றன. தானியேலோ தம் காலத்து மனிதரை வைத்துக் கதை புனைந்தார். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் சந்திரகுமாரன். பூதநாதன் என்னும் தீயோன் அச்சிறுவனைக் கவர்ந்து இலங்கைக்குக் கொண்டுபோகிறான். அங்கே ஒரு தோட்டத்தில் அவன் கூலியாளாய் வளர்கிறான். தோட்டத்திற்கு உடையவரான ஆங்கிலேயர் அவன்மீது அன்புகொள்ள, அவன் படிப்படியாக உயர்ந்து சூப்பிரண்டு பதவியை அடைகிறான். பின்னர் ஊரிலிருந்து வந்த உறவினன் ஜெயசந்திரனோடு நட்புப் பூண்டு தாயகம் மீள்கிறான். முதுகிலுள்ள தழும்பு அவனை இன்னாரென்று காட்டிக் கொடுக்கிறது. ஜெயசந்திரனாய் நடித்தவர் தானியேல். அவனைக் காதலிக்கும் சரோஜினி, சந்திரகுமாரனின் தங்கை.

இலங்கைத் தோட்டங்களில் சூப்பிரண்டு என்பவர் யார்? கூலியாட்கள் பெரிய துரை என அழைத்து அஞ்சியொதுங்கிய வெள்ளையரே அவர். அந்நாளில் அப்பதவி ஐரோப்பியர்க்கே உரியதுபோல் இருந்தது. கணக்கப்பிள்ளை வேலைக்கு மேல் நம்மவர் ஏறுதல் அரிது. லயத்தில் வளர்ந்த கறுப்புச் சிறுவன் ஒருவனைத் துரையின் நாற்காலியிலே அமர்த்திக் காட்டியது அன்றைய நிலையில் ஒரு பெருங்கனவன்றோ? ஆங்கிலேயச் சமூகத்தின் படிவரிசையைத் திரையில் இவ்வாறு கலைத்துக் காட்டிய முன்னோடிகளுள் தானியேலையும் ஒருவராக வைத்தல் தகும் என்பது என் துணிபு. அவனும் பிறப்பால் செல்வர் மகனே என்று கதை முடிகிறது. இதனைச் சிலர் குறையெனக் கூறலாம். அக்குறை அவருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் பழங்கதைகளின் இயல்பே அது.

வியப்பு யாதெனில், துரையின் நாற்காலியில் கூலிச் சிறுவன் அமர்ந்ததை எவரும் குற்றங் கூறவில்லை. கலகம் விளைந்தது வேறிடத்தில். நற்குடிப் பெண்கள் நடிக்க அஞ்சிய காலம் அது. பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகையோடு செய்த உடன்பாடும் நிலைக்கவில்லை. இறுதியில் சரோஜினியாக நடித்தவர் ரோசி என்னும் புலையர் குலப் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். கதையில் சரோஜினி நாயர் குலத்து நங்கை. தாழ்த்தப்பட்ட குலத்தவள் உயர்குல மாதின் உடையுடுத்துத் தோன்றுவதா என்று சினங்கொண்டோர் பலர். திருவனந்தபுரம் காப்பிடல் கொட்டகையில் வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப்பிள்ளை படத்தைத் தொடங்கி வைத்தார். ஆண்டு 1928 என்று முன்னர் எழுதி வந்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 1930 என்பர். ரோசி நடித்த காட்சிகளைக் கண்ட கூட்டம் கூச்சலிட்டது; கல்லெறிந்து திரையைக் கிழித்தது. நாயகன் அவர் கூந்தற் பூவை எடுத்து முத்தமிடும் காட்சியே சினத்தை மூட்டியது என்பர். அவர் குடிசையும் தீக்கிரையாயிற்று. ரோசி இரவோடிரவாக ஓடி, ஒரு லாரியில் ஏறித் தப்பினார்.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரபுக்களும் வேலையாட்களும் ஒரே மாளிகையின் மேல்மாடியிலும் கீழறைகளிலும் வாழும் கதையொன்று அப்ஸ்டேர்ஸ் டவுன்ஸ்டேர்ஸ் என்னும் பெயரால் 1971-இல் லண்டன் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. அதனைக் கருவாக்கியவர் ஜீன் மார்ஷ், ஐலீன் அட்கின்ஸ் என்னும் நடிகையர் இருவர். வீட்டு வேலை செய்து வாழ்ந்த குடும்பங்களிற் பிறந்தவர்கள். பின்னாளில் அரசியார் அட்கின்ஸுக்கு டேம் பட்டமும் அளித்தனர். வகுப்பு வேற்றுமை அங்கு இல்லையென்று எவரும் கூறார். ஆயினும் ஏவலாளர் மகள் சீமாட்டி வேடந் தரித்தாள் என்பதற்காக அங்கு யாரும் கொட்டகையிற் கல்லெறியவில்லை.

படம் பிற ஊர்களிலும் சிலநாள் ஓடிற்று, முதல் திரும்பவில்லை. கடன் தீர்க்கத் தானியேல் கருவிகளையும் நிலையத்தையும் இழந்தார். அவர்தம் உறவினரான நாகர்கோவில் சுந்தரராஜ் மார்த்தாண்டவர்மா கதையை 1933-இல் படமாக்கி, பதிப்புரிமை வழக்கிற் சிக்கித் தாமும் நட்டப்பட்டார். அப்படத்தின் பிரதியேனும் பூனா ஆவணக் காப்பகத்தில் இன்றளவும் உள்ளது. விகதகுமாரனுக்கு அப்பேறும் இல்லை. சுருள்கள் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டில் எரிந்துபோயின என்பது குடும்பத்தார் வழியாக அறியக் கிடப்பது. தானியேல் பல் மருத்துவம் கற்றுத் தமிழ்நாட்டு ஊர்களில் அத்தொழிலை நடத்தினார். முதுமையில் வறுமை சூழ, அகஸ்தீசுவரத்திற்கே திரும்பினார்.

செய்தியாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவரைக் கண்டறிந்து, அவர் வரலாற்றைப் பத்திரிகைகளில் எழுதி வாதாடினார். 1938-இல் வெளிவந்த பாலன் என்னும் பேசும்படத்தையே முதற்படமெனக் கொண்டாடியோர் எளிதில் இணங்கவில்லை. நலிந்த கலைஞர்க்குரிய உதவித்தொகை கேட்டபோது, தமிழ்நாட்டில் வாழ்பவர்க்குக் கேரளம் உதவ இயலாது என்று மறுத்தனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லைக் கோடு மாறியது; அவர் ஊர் மாறவில்லை. இக்கரையில் அவர் மலையாளப் படக்காரர், அக்கரையில் தமிழர். 1975 ஏப்ரல் 27-ஆம் நாள் உயிர் நீத்தார். பதினேழாண்டுகள் கழித்து, 1992-இல், கேரள அரசு தன் திரைப்படத்துறைப் பெருவிருதுக்கு ஜே. சி. தானியேல் பெயரையே சூட்டிற்று. 2013-இல் அவர் வரலாறே செல்லுலாய்டு என்னும் படமாயிற்று.

ரோசி தப்பியேறிய லாரி வந்து சேர்ந்தது நம் நாகர்கோவிலுக்கே. அதனை ஓட்டி வந்த நாயர் குலத்தவரை மணந்து, ராஜம்மாள் என்னும் பெயருடன் இங்கேயே வாழ்ந்தார். திரையில் சிறுபொழுது நாயர் மாதாய்த் தோன்றியதற்காகத் துரத்தப்பட்டவர், பின்னர் வாழ்நாளெல்லாம் நாயர் இல்லத்தரசியாகவே வாழ்ந்தார். தாம் நடித்த படத்தைப் பற்றி வாய்திறவாமலே மறைந்தார் என்பர்.