கோகோவை ஊருக்குக் கொண்டுவந்த கொல்லர்

நாகூர் வட்டாரத்தில் தென்னைக்கு நடுவே என்ன ஊடுபயிர் போடலாம் என்று பேச்சு எழுந்தால், கோகோவின் பெயரும் அடிபடும். அது நமக்குப் புதிய பயிர் அல்ல. 1798லேயே அம்போய்னா தீவிலிருந்து வந்த 8 செடிகள் குற்றாலத்தில் நடப்பட்டன. ஆனால் உழவர் தோட்டத்துக்கு அது வந்து சேரவில்லை. இந்தியாவில் வணிகச் சாகுபடி தொடங்கியது 1960களில்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்தது வேறு. அங்கே கோகோவை உழவர் கையில் சேர்த்தவர் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர்.

இன்றைய கானா நாட்டின் அக்ரா பகுதியில் 1842ல் பிறந்தவர் அவர். இரும்பு வேலை கற்றார். 1870ல் பிழைப்புத் தேடி பெர்னாண்டோ போ தீவுக்குப் போனார். அங்கே கோகோ தோட்டங்களைக் கண்டார். 1876ல் ஊர் திரும்பும்போது கோகோ விதையும் கூடவே வந்தது. நெல் விதையைப்போல் இதைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் முளைக்காது.

1879ல் மாம்பொங் என்ற ஊரில் நட்டார். அவருக்கு முன்பே மிஷனரிகள் அந்த வட்டாரத்தில் கோகோ நட்டுப் பார்த்தும் பயிர் பரவவில்லை. குவார்ஷியின் மரங்கள் காய்த்ததும், அக்கம்பக்கத்து உழவர்கள் அவரிடம் காய் வாங்கிப்போய் நட்டனர்.

அது அமெலோனாடோ ரகம். தன் மகரந்தத்திலேயே காய்பிடிக்கும்; விதையில் வளர்த்தாலும் தாய்மரத்தின் குணம் பெரிதும் மாறாது. அதனால் கைமாறிப் போன விதை யாரையும் ஏமாற்றவில்லை. பக்குவமும் எளிதுதான். காயை உடைத்து, சதையோடு விதைகளைக் குவித்து, வாழையிலையால் மூடி ஆறு நாள் நொதிக்கவிட்டு, வெயிலில் காயவைக்க வேண்டும். நொதிக்காத விதையை எந்த ஆலையில் வறுத்து அரைத்தாலும் சாக்லேட் மணம் வராது.

1891ல் அந்நாட்டிலிருந்து ஏற்றுமதியான கோகோ வெறும் 80 பவுண்டு, அதாவது 36 கிலோ. மறு ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் குவார்ஷி காலமானார். 1911ல் சுமார் 40,000 டன்னுடன் அந்நாடு உலகில் முதலிடம் பிடித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. மாம்பொங் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் தோட்டத்திலும் முதலில் சில மரங்களை வைத்துப் பார்ப்பதே நல்லது. உப்புக்காற்று நேராக அடிக்கும் இடமும், மழைநீர் தேங்கும் தாழ்நிலமும் கோகோவுக்கு ஆகாது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒட்டு ரகங்கள் பலவும் தன் மகரந்தத்தில் காய்பிடிக்காதவை. எனவே ஒரே ரகத்தை நடாமல் பல ரகங்களைக் கலந்து நட வேண்டும். விதையை வாங்குபவர் யார் என்பதை நடும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.