காலித் தோட்டாவுக்கு வழி சொன்னவர்

கள்ளக்குறிச்சியில் இருந்து வெள்ளிமலை பஸ் ஏறி கல்வராயன் மலைக்குப் போறவங்களுக்கு இந்த அறிவிப்பு புதுசு இல்லை. உரிமம் இல்லாம நாட்டுத்துப்பாக்கி வச்சிருக்கவங்க தாங்களாவே வந்து ஒப்படைச்சிடுங்கன்னு போலீஸ் அப்பப்போ சொல்லும். அந்தத் துப்பாக்கியோட மெக்கானிசம் ரொம்ப எளிமை. குழல் வாய் வழியா மருந்தைக் கொட்டி, கம்பியால இடிச்சு, மேல குண்டைப் போடணும். ஒரு தடவை சுட்டா முடிஞ்சது, மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஆனா சுட்டப்புறம் உள்ளே எதுவும் மிஞ்சி நிக்காது.

பித்தளைக் கூட்டுக்குள்ள மருந்தையும் குண்டையும் அடைச்சுத் தோட்டா பண்ண ஆரம்பிச்சப்போதான் புதுப் பிரச்சனை வந்தது. குண்டு பறந்துடும், காலிக் கூடு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதை யார் வெளியே எடுக்கிறது? துப்பாக்கியே எடுத்துப் போடட்டும்னு வழி கண்டவங்கள்ல பெரிய ஆள் ஜான் மோசஸ் பிரௌனிங். நம்ம மெக்கானிக்கல் பசங்க தெரிஞ்சுக்க வேண்டிய வாழ்க்கை.

1855 ஜனவரியில் அமெரிக்காவின் யூட்டா பகுதியில், ஆக்டன் என்ற மலையடிவார ஊரில் பிறந்தார். அப்பா ஜோனதன் துப்பாக்கி ரிப்பேர் பட்டறை வச்சிருந்தவர். மூணு மனைவிகள், மொத்தம் 22 பிள்ளைகள். ஜான் பதின்வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டாச்சு. உடைஞ்சு வர்ற துப்பாக்கிகள்தான் அவருக்கு சிலபஸ். நல்லா ஓடுற மெஷினைப் பார்த்துக் கத்துக்கிறதை விட, எங்கே தேய்ஞ்சது, எங்கே உடைஞ்சதுன்னு பார்த்துக் கத்துக்கிறது ஆழமா பதியும்ங்கிறது என் அபிப்பிராயம்.

1879ல் அப்பா இறந்தார். அதே வருஷம் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றுக்கு ஜான் முதல் பேட்டன்ட் வாங்கினார். 1883ல் வின்செஸ்டர் கம்பெனி ஆள் ரயில் ஏறி ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து அந்த டிசைனை வாங்கிட்டுப் போனார். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அவர் செஞ்சதை எல்லாம் வின்செஸ்டர் வாங்கிக்கிட்டே இருந்தது. தயாரிச்சு விற்றது அதில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் போட்டியாளர் கைக்குப் போயிடக்கூடாதுன்னு பீரோவுக்குள்ள தூங்கினது.

1889 வாக்கில் ஒரு துப்பாக்கி சுடும் போட்டி. சுடும்போது குழல் முனையில் இருந்து வர்ற காற்று எதிரே இருந்த புல்லைச் சாய்ச்சதை அவர் கவனிச்சார். இத்தனை சக்தி சும்மா வீணாப் போகுதே! சீக்கிரமே அந்தச் சக்தியை வச்சு அடுத்த தோட்டாவை ஏத்துற துப்பாக்கியைப் பட்டறையில் செஞ்சு பார்த்தார். அந்த யோசனையோட தொடர்ச்சிதான் 1897ல் பேட்டன்ட் ஆன செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள்.

இப்போ அந்தக் காலிக் கூட்டுக்கு வருவோம். சுடும்போது பித்தளைக் கூடு விரிஞ்சு, அறைச் சுவரோட ஒட்டி, வாயுவை அடைச்சு நிக்கும். அழுத்தம் குறைஞ்சதும் லேசா சுருங்கும். அந்த நேரம் பார்த்து ஸ்லைடு பின்னாடி போகணும். அதில் இருக்கிற கொக்கி கூட்டின் விளிம்பைப் பிடிச்சு இழுக்கும், உள்ளே இருக்கிற ஒரு முட்டு அதைத் தட்டி ஜன்னல் வழியா வெளியே எறியும். நேரம் கொஞ்சம் தப்பினாலும் கூடு காயப்படும். அதனாலதான் பழைய பிஸ்டல் மக்கர் பண்ணினா, விவரம் தெரிஞ்ச ஆர்மரர் முதல்ல குனிஞ்சு தரையில் கிடக்கிற காலிக் கூட்டை எடுத்துப் பார்ப்பார்.

வாய்ப் பக்கம் ஒடுக்கு விழுந்திருந்தா, வெளியே போகும்போது ஜன்னல் ஓரத்தில் இடிச்சிருக்கு. பழைய 1911 மாடல்களில் ஜன்னல் சின்னது, அதனால இந்த ஒடுக்கு ரொம்ப சகஜம். விளிம்பு பிய்ஞ்சிருந்தா கொக்கியையோ அழுக்குப் பிடிச்ச அறையையோ சந்தேகப்படலாம். அடிப்பக்கம் வீங்கியிருந்தா, அங்கே உலோகம் சரியா தாங்கலைன்னு அர்த்தம், இல்லைன்னா பூட்டு சீக்கிரமே திறந்திருக்கு. கூடு வழக்கத்தை விட ரொம்ப தூரம் பறந்தா பெரும்பாலும் குற்றவாளி ஸ்பிரிங்தான். நூறு வயசு ஸ்பிரிங் களைச்சு, நீளம் குறைஞ்சு, ஸ்லைடை வேகமா விட்டுடும். விலை மலிவான பார்ட், ஆனா மாத்தாம சுட்டா ஃபிரேமே அடி வாங்கும். பிரௌனிங்கோட 1900 மாடலில் குழலுக்கு மேல இருக்கிற ஒரே ஸ்பிரிங் ஸ்லைடையும் முன்னே தள்ளும், தோட்டாவைத் தட்டுற ஊசியையும் ஓட்டும். புத்திசாலித்தனம்தான், ஆனா அந்த ஒண்ணு களைச்சா ரெண்டு வேலையும் கெடும்.

சின்னத் தோட்டாவுக்கு ஸ்லைடோட எடையும் ஸ்பிரிங்கும் போதும். பெரிய .45க்கு அது பத்தாது. அதனால குழலும் ஸ்லைடும் பூட்டிக்கிட்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னாடி போய், அப்புறம்தான் குழல் கீழே இறங்கிப் பிரியும்படி செஞ்சார். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் அதை 6,000 தடவை சுட்டுப் பார்த்தது. சூடானா தண்ணியில் முக்கிட்டு மறுபடி சுட்டாங்க. ஒரு தடவை கூட மாட்டலை. மார்ச் 29ல் அது ராணுவத் துப்பாக்கி ஆச்சு.

சரியா 80 நாள் கழிச்சு, ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கிட்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். 1902ல் ராயல்டி கேட்டதுக்கு வின்செஸ்டர் மறுத்ததால உறவை முறிச்சுக்கிட்ட பிரௌனிங், பெல்ஜியத்தோட எஃப்.என். கம்பெனியில முழுசா ஐக்கியமானார். அந்தக் கம்பெனி அவரோட பிஸ்டலை அதுக்கு முன்னாடியே தயாரிக்க ஆரம்பிச்சிருந்தது. 1914ல் சரயேவோவில் இளவரசரைக் கொன்னதும் இவர் டிசைன்தான். செஞ்சவருக்கு மணியாச்சின்னு ஒரு ஊர் இருக்குன்னே தெரிஞ்சிருக்குமான்னு எனக்கு சந்தேகம். வேலை சுத்தமா இருந்ததால எந்தக் கையிலயும் சுத்தமா வேலை செஞ்சது. இதைப் பெருமையா சொல்றதா, பயந்து சொல்றதான்னு எனக்கு இன்னும் தெளிவில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. நாட்டுத்துப்பாக்கி செய்யற பட்டறைக்காரரும் குழாயையும் இரும்பையும் வச்சு யோசிக்கிறவர்தான். ஆக்டன்ல அந்த யோசனைக்கு பேட்டன்ட் கிடைச்சது, இங்கே எஃப்.ஐ.ஆர். கிடைக்கும். சட்டம் தப்புன்னு சொல்லலை. அந்தக் கைக்கு வேற என்ன வேலை கொடுத்தோம்னுதான் கேட்கிறேன்.

1926 நவம்பர் 26. லீஜ் நகரத்துக்குப் பக்கத்து எஃப்.என். தொழிற்சாலையில், மகன் வாலின் அலுவலகத்தில் இதயம் நின்னு இறந்தார். பேர்ல 128 பேட்டன்ட், கைவசம் முடியாத ஒரு 9 மி.மீ. பிஸ்டல். அதை டியூடோன் சேவ் என்ற இன்ஜினியர் முடிச்சு, 1935ல் ஹை பவர்ங்கிற பேரில் வெளியே வந்தது. அந்த டிசைனை வச்சுத்தான் நம்ம நாட்டு இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் ராணுவத்துக்கும் போலீசுக்கும் 9 மி.மீ. பிஸ்டல் செஞ்சாங்க. அதுவும் சுட்டு முடிச்ச ஒவ்வொரு கூட்டையும் வலது பக்க ஜன்னல் வழியாத்தான் வெளியே எறியும்.