மன்னனை வென்ற சிட்டு

அரண்மனைக் காசுகளை வெயிலில் உலர்த்தினார்கள். ஒரு காசு தவறிற்று. தையல்சிட்டு ஒன்று அதைக் கொத்திச் சென்று, மன்னன் வீட்டுச் செல்வம் என் வீட்டிலும் உண்டு என்று பாடிற்று. பொறுப்பானா மன்னன்? பறித்தான். என் காசுக்கு ஆசைப்பட்டான் என்றது சிட்டு. திருப்பித் தந்தான். அஞ்சிவிட்டான் என்றது! சினந்தான் மன்னன். முடிவில் சிட்டைக் கொல்ல ஓங்கிய வாள், மன்னன் மூக்கையே அறுத்தது!

எளியோன் நகைப்புக்கு முன் ஏந்திய வாளும் தோற்கும் என்பதைக் குழந்தைக்குச் சொன்ன இக்கதை, தையல்சிட்டின் பெயரையே தாங்கி 1910-ல் வங்கமொழியில் வெளிவந்த நூலில் உள்ளது. எழுதியவர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. படம் வரைந்தவரும் அவரே!

1863-ல் மைமன்சிங் மாவட்டத்தில் பிறந்து, ஜமீன்தார் வீட்டுக்குத் தத்துப் போனவர். சுகமாகச் சாய்ந்து கிடந்திருக்கலாம். ஆனால் கல்கத்தாவிலே சாதியை மறுத்த பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். மணந்ததோ, அசாம் தேயிலைத் தோட்டக் கூலிகள் பட்ட கொடுமைகளை நேரில் கண்டு ஏட்டிலே எழுதிய துவாரகநாத் கங்குலியின் மகளை.

குழந்தைகளுக்காக அவர் எழுதிய இராமாயண நூலில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்நூலுக்கு அவர் வரைந்த படங்கள் மரக்கட்டை அச்சில் பாழானபோது அவர் செய்தது என்ன? குழந்தைக்கு இது போதும் என்று இருந்தாரில்லை. 1895-ல் சீமையிலிருந்து கருவிகளைத் தருவித்துத் தாமே பிளாக் செய்யும் தொழிலில் இறங்கினார். படத்தைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறையைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். கல்கத்தாவில் இருந்தபடியே அவர் எழுதிய கட்டுரைகளை இலண்டனின் பென்ரோஸ் ஆண்டுமலர் வெளியிட்டது. எழுத்தாளர், ஓவியர், அதற்கும் மேலே, மை படிந்த கையுடைய அச்சுத் தொழிலாளி!

1913-ல் ‘சந்தேஷ்’ என்ற குழந்தைகள் இதழைத் தொடங்கினார். வங்கத்தில் அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், இனிப்புப் பண்டம் என்றும் பொருள். 1915 டிசம்பர் 20-ல் நீரிழிவு நோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 52. மகன் சுகுமார் ராய் இதழைத் தொடர்ந்தார். பேரன் சத்யஜித் ராய், பாட்டனாரின் கதையொன்றை 1969-ல் திரைப்படமாக்கினார்.

வங்கத்தார் பெருமையை வைகைச் சீமையில் பேசுவானேன் என்பீர்கள். காரணம் உண்டு, தோழர்களே! அந்தி வேளையில் உண்ணாமல் கண்ணயரும் பிள்ளைகளை விழித்திருக்கச் செய்யக் கிழக்கு வங்கத்துப் பெண்கள் சொன்ன கதைகளையே அவர் தொகுத்தார். மார்க்கையன்கோட்டையிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய், இருட்டும் வேளையில் திரும்புகிறாள். கதை சொல்ல அவளுக்குத் தெம்பு ஏது?

நம் படிப்பகங்களில் தலைவர்களின் உரைகள் இருக்கின்றன, நாளேடுகள் இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை எட்டி எடுக்கும் உயரத்தில் ஒரு தட்டு வேண்டும். அதிலே நல்ல தாளில், நல்ல படத்தோடு பத்துப் புத்தகங்கள் வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது போதும் என்று கிழிசலைத் தருவது கொடையல்ல, அவமதிப்பு. ஒரு கிளை, ஒரு தட்டு — இந்த மாதமே தொடங்குவோம். வாளுக்கு அஞ்சாத சிட்டு நம் வீட்டுக் கூரையிலும் கூடு கட்டட்டும்!