பிரித்துப் பூட்டியவர்: கோவை ஜி.டி. நாயுடு



சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நம் கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே கொஞ்சம் நடந்து பாருங்கள். எந்தப் புளோக்காக இருந்தாலும் சரி, ஒரு மூலையில் பழைய கப்சாய் மோட்டார் ஒன்று பிரிந்து கிடக்கும். சுற்றி நாலு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் கையில் ஸ்பேனர், இன்னொருவன் கையில் கைப்பேசி விளக்கு. மீதி இரண்டு பேருக்கு யோசனை சொல்வதுதான் வேலை. படிக்கிற பிள்ளைக்கு இரும்போடு என்ன வேலை என்று மேல்மாடியிலிருந்து அம்மா சத்தம் போடுவார். பையன் காதில் அது விழாது. விழுந்தாலும் விழாத மாதிரி இருந்துகொள்வான்.

அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. பெரியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பிள்ளைகளில் சிலர் சினிமாச் செய்தியில் கேள்விப்பட்டிருக்கலாம். அவர் மறைந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் வாழ்க்கை ஆரம்பித்ததே இப்படிப் பிரிந்து கிடந்த ஒரு மோட்டார் சைக்கிளில்தான்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்னும் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். தாயார் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். அடுத்ததை ஒரு பள்ளி மலரில் எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். ஆனால் மறைத்தால் அது அவர் கதையாக இருக்காது. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடிய பிள்ளை என்று கோயம்புத்தூர்ப் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை என்றும் சொல்வார்கள். பிறகு அப்பாவோடு வயலில் வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளியை விட்டவர் எழுத்தை விடவில்லை. கைக்குக் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களை எல்லாம் வயல் வரப்பில் உட்கார்ந்து தானாகவே படித்தார். நம் பையன்களில் சிலர் பள்ளியை விட்ட அன்றைக்கே புத்தகத்தையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். அவருக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஒருநாள் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய சாலையில் இழுக்க ஆளில்லாமல், மாடில்லாமல் ஒரு வண்டி தானே ஓடினால் எப்படி இருந்திருக்கும்! ஊர் முழுக்க வேடிக்கை பார்த்தது. துரைசாமிக்கு வேடிக்கை போதவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. தெரிய வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமானால் வண்டி தன்னுடையதாக இருக்க வேண்டும். துரை வண்டியில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போனார். ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் ஊற்றி, தோசை கொண்டுவந்து வைக்கும் வேலை. சம்பளத்தைச் செலவு செய்யாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும், கைமாறி வந்த அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார் என்று சொல்கிறார்கள். வாங்கியவர் என்ன செய்தார்? ஊரைச் சுற்றிக் காட்டவில்லை. பிரித்துப் போட்டார். மறுபடியும் பூட்டினார். மறுபடியும் பிரித்தார்.

இங்கே கொஞ்சம் நின்று பேச எனக்கு ஆசை. பழைய வண்டியைப் பிரிப்பதில் அப்படி என்ன படிப்பு இருக்கிறது என்று சில பெற்றோர்கள் நினைக்கலாம்.

எஞ்சின் ஒன்றும் மந்திரமல்ல. அந்தக் காலத்து ரட்ஜ் வண்டிக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான். அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும். முதலில் இறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வரும். ஏறும்போது அந்தக் கலவை நெருக்கப்படும். நெருங்கிய நேரத்தில் பிளக்கில் பொறி விழும், வெடிக்கும், பிஸ்டன் கீழே தள்ளப்படும். மறுபடி ஏறும்போது புகை வெளியே போகும். இவ்வளவுதான். ஆனால் இந்த நாலில் ஏதாவது ஒன்று கெட்டாலும் வண்டி நின்றுவிடும். வால்வு தன் இடத்தில் சரியாக உட்காராவிட்டால் நெருக்கம் போய்விடும். ரிங் தேய்ந்துவிட்டால் எண்ணெய் மேலேறி நீலப் புகை வரும். பொறிக்கு அன்றைக்கு பேட்டரி கிடையாது. மேக்னட்டோ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் சுழன்று மின்சாரம் உண்டாகும். அதிலிருக்கும் இரண்டு முனைகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி ஒரு நகத்தின் கனம்கூட வராது. கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. பின் சக்கரத்துக்குச் சங்கிலி இல்லை, பெல்ட்தான். மழையில் நனைந்தால் வழுக்கும்.

நின்றுபோன வண்டி எதனால் நின்றது என்று சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும். பொறி வருகிறதா? வருகிறது. பெட்ரோல் வருகிறதா? வருகிறது. அப்படியானால் நெருக்கம் இருக்கிறதா? இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் குற்றவாளி அகப்பட்டுவிடும். அறிவியல் பாடத்தில் நம் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பதும் இதே முறையைத்தான். கலங்கல் பையனுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஆளில்லை. தமிழில் வழிகாட்டிப் புத்தகமும் இல்லை. கைகெட்ட சாமானுக்கு மாற்று வேண்டுமானால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். வாத்தியார், புத்தகம், பரீட்சை எல்லாமே அந்த வண்டிதான். பூட்டி முடித்தபின் சாக்கின் மேல் ஒரு நட்டு மிச்சம் கிடக்கும் பாருங்கள், அதுதான் பரீட்சையில் தோற்றதற்கு அடையாளம். மறுபடி பிரிக்க வேண்டியதுதான். எதை முதலில் கழற்றினோமோ அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். கழற்றும்போதே வரிசையாக எடுத்து வைத்தவனுக்குத்தான் பூட்டத் தெரியும்.

அந்தக் கைத்திறமை அவரை மெக்கானிக் ஆக்கியது. இடையில் பருத்தி வியாபாரம் செய்து பணம் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய் அதே பருத்தியில் இழந்தும் வந்தார். அவருக்குத் தெரிந்த தொழில் அதுவல்ல, இதுதான் என்று காலம் காட்டிக்கொடுத்தது போலும். 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். கோவையில் பெரிய வியாபாரியாக இருந்த ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டார் என்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து பழநிக்கு, 60 கிலோமீட்டருக்கு மேல். ஓட்டுநரும் அவரே. முருகனைப் பார்க்கப் போகும் சனம் இருக்கும் வரை அந்தப் பாதையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் பஸ்ஸில் நசுங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு அது புரியும். அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ.எம்.எஸ்., என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பழைய வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்த முதலாளியை மெக்கானிக்கால் ஏமாற்ற முடியாது!

அடுத்து மின்சாரம் வந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியதும் கோயம்புத்தூர் வட்டாரத்துக்குக் கம்பி வழியே மின்சாரம் கிடைத்தது. ஆழக் கிணறுகளில் மாடு கட்டி இறைத்துக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு மோட்டார் வேண்டியிருந்தது. மோட்டார் எல்லாம் சீமைச் சரக்கு, விலையும் சீமை விலை. பீளமேட்டில் இருந்த அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1937-ல் உள்நாட்டிலேயே செய்த மின்மோட்டார் வெளிவந்தது. அதில் முக்கிய உழைப்பு டி. பாலசுந்தரம் நாயுடு என்பவருடையது. அதையும் சொல்லிவிட வேண்டும். புகழ் ஒருவர் பெயரில் போய்ச் சேர்ந்துவிட்டால் கூட நின்றவர்களை நாம் மறந்துவிடுகிறோம். கோவை இன்றைக்கு பம்பு செட்டுக்குப் பேர் போன ஊராக இருப்பதற்கு அந்த 1937 ஒரு தொடக்கம்.

அவர் செய்தவற்றை எல்லாம் எழுதினால் மலரில் மற்றவர்களுக்கு இடமிருக்காது. ராசண்ட் என்ற பெயரில் மின்சாரச் சவரக் கருவி, மெல்லிய பிளேடு, பழம் பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, கள்ள ஓட்டுப் போட முடியாத வாக்குப்பதிவு இயந்திரம். கேமராவும் விடவில்லை. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தார். அதே ஆண்டு தேர்தலில் நின்று தோற்றார். இந்தியாவின் எடிசன் என்று அவருக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. கலங்கல்காரர் கலங்கல்காரராகவே பெரியவர்தான்.

ஆனால் மாணவர்களே, அவர் தொட்டதெல்லாம் பொன்னாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து கொடுக்க முடியும் என்று 1941-ல் அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுச் சாமானாக இருந்த காலம் அது. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. கார் நின்றுவிட்டது. வண்டி கெட்டால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். கடதாசியில் நின்றுபோன வண்டியை எந்த ஸ்பேனரால் திறப்பது? வரியும் லைசென்சும் கழுத்தை நெரிப்பதாக அவருக்குக் கோபம். அந்த 1950-களில், தான் செய்த பொருள்களை ஊரார் முன்னால் போட்டு உடைத்தார். கைமாறிய வண்டியைப் பூட்டப் பூட்டச் சலிக்காத கை, முழுசாக இருந்த தன் பொருளையே உடைத்தது. அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை. உடைத்ததால் லைசென்ஸ் வந்துவிடவில்லை. ஆனால் உழைத்துச் செய்த பொருளுக்கு மதிப்பில்லை என்றால் வயிறு எப்படி எரியும் என்பதை, காடு வெட்டி மரம் நட்டுப் பால் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தோட்டம் விற்கப்பட்ட நாளில் லயத்தைக் காலி செய்த நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் என்று சொன்னேனல்லவா? அதே மனிதர்தான் 1944-ல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, கல்விக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார். சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமைய அவர் நன்கொடையும் முயற்சியும் காரணம். 1945-ல் அவரே முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்புத் தாண்டாதவர் பொறியியல் கல்லூரி முதல்வர்! நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்பவில்லை. பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் பொறியியல் கல்லூரி இப்போது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது.

இரண்டு வருடம் போதுமா போதாதா என்பதில் நான் அவர் பக்கம் முழுசாகச் சாய மாட்டேன். அவரைப் போலக் கை பேசும் பிள்ளைக்குப் போதும். எல்லாப் பிள்ளைக்கும் போதாது. ஆனால் கைவேலை கற்பவனைக் கீழாகப் பார்க்கும் வழக்கத்தை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அதில் அவர் பக்கம்தான் நான். எஸ்.கே.எம். சான்றிதழ் படிப்புக்குப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் முகம் சுளிக்கும் பெற்றோர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

1967-ல் தொழிற் கண்காட்சி ஒன்றை நிறுவினார். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். அவர் பிறந்த மாவட்டத்தில் அவர் பெயர் சொல்லும் இடங்கள் இப்போது அதிகம். 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஊருக்குப் போய் பழநிக்கு மொட்டை போட்டுவிட்டு வரும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அடுத்த முறை போனால் ஒரு நாளைக் கோயம்புத்தூருக்கு ஒதுக்குங்கள். அதே அவினாசி சாலையில் ஜீடீ கார் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. 2015-ல் திறந்தது. பல நாட்டுப் பழைய கார்களைப் பழுதுபார்த்து, புதிதுபோல மினுக்கி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். பையன்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் பிள்ளைகளையும்தான். உள்ளே போனதும் அவர்கள் முதலில் எந்த வண்டியின் கீழே குனிந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்தபின் உங்கள் பழைய கப்சாய் கீழே சாக்கின் மேல் பிரிந்து கிடந்தால், நட்டுகளைப் போட்டு வைக்க ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டு மேலே போய்விடுங்கள்.