மஃபர் கரையில் இப்னு பதூதா

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோர ஊர்கள் அமைந்த இந்தச் சோழமண்டலக் கரையை அரபியர் மஃபர் என்று அழைத்தனர். 1304-இல் மொராக்கோவில் பிறந்து, 21 வயதில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, டில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக இருந்த பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் 1344 வாக்கில் இலங்கையிலிருந்து இக்கரைக்கு வந்தார்கள்.

கரையை நெருங்கும்போது கப்பல் ஆபத்தில் சிக்கியது. உடன் வந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர்கள் இரவு முழுவதும் கப்பலிலேயே தங்கினார்கள். காலையில் படகில் வந்து காப்பாற்றியவர்கள் முஸ்லிமல்லாத உள்ளூர் மக்கள். பனம்பழமும் நல்ல மீனும் தந்து உபசரித்தார்கள்.

மதுரை சுல்தான் கியாதுத்தீன் அவர்களுக்குச் சகலை. பல்லக்கும் குதிரைகளும் அனுப்பி வரவேற்றார். ஆனால் அந்த சுல்தான் போர்க் கைதிகளோடு அவர்களின் மனைவி மக்களையும் கொன்றுவந்தார். ஒருநாள் சபையில் தண்டனை தொடங்கியபோது, அஸர் தொழ வேண்டும் என்று சொல்லி இப்னு பதூதா எழுந்துவிட்டார்கள்.

சுல்தானை நேரில் கண்டித்ததாக அவர்கள் சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பிய பின், 1355-இல் நிறைவடைந்த பயண நூலில், வேறெந்த அரசரிடமும் காணாத இழிசெயல் இது என்று மறைக்காமல் பதிவு செய்தார்கள்.

உறவினரே ஆனாலும் நீதியில் வளையக் கூடாது என்பது திருக்குர்ஆன் (4:135) தரும் பாடம். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கரையின் வரலாற்றைச் சொல்லும்போது, காப்பாற்றிய கைகளையும் சொல்வோம்; நம்மவர் செய்த கொடுமையையும் சொல்வோம். அல்லாஹ் நமக்கு அந்த நேர்மையைத் தந்தருள்வானாக. ஆமீன்.